மே பதினைந்தில் பிறந்த ஒன்பது பேர்

சவூதியின் ஜுபைலில் பாலகுருவை யாரும் பாலகுரு என்று கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் எல்லோரும் அப்பா பெயரை அங்கே விரித்து எழுதிவிடுவார்கள். விமானம் விட்டு இறங்கியதும் அந்தக் கட்டத்தில் இருப்பதே ஆளின் பெயராகிவிடும். கேட்டில், மெஸ்ஸில், சம்பளச் சீட்டில், கேம்ப் முழுக்க அப்பாக்களின் பெயர்கள்தான் உலவும். பலருக்கு அதில் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. செத்துப்போன அப்பனை சவூதிக்காரன் தினமும் கூப்பிடுகிறானே என்று ஒருவர் நெகிழ்ந்து சொன்னதைப் பாலகுரு கேட்டிருக்கிறார்.

இக்காமா என்ற அவருடைய குடியிருப்பு அட்டையில் இருந்தது பாலகுரு ரத்தினசபாபதி. வாயில் நுழையாததால் அது ரத்தின் ஆனது. ரத்தின் பாய், அந்தச் சாரத்தைப் பார்த்தாச்சா. ரத்தின், யல்லா, கிளம்பு. ஆலைகளில் கட்டும் சாரங்களில் ஆள் ஏறலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்லும் வேலை அவருக்கு. பத்தொன்பது வருடமாக அந்தப் பெயருக்குத் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதமாக. காது மந்தம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

ரத்தினசபாபதி அவருடைய அப்பா இல்லை. கல்லேரிப்பட்டில் செந்நெல் சிறுவர் இல்லம் என்று ஒன்றை நடத்தியவர். பேருந்து நிலையத்தில் தனியாக நின்ற ஆறு வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் அங்கே கொண்டுபோய் விட்டார். பள்ளியில் சேர்க்கத் தகப்பன் பெயர் கேட்டார்கள். ரத்தினசபாபதி தன் பெயரை எழுதினார். தாய் பெயர் கேட்டார்கள்; சமையல்கட்டில் வேலை செய்த மாரியம்மாளின் பெயரை எழுதினார். பிறந்த தேதிக்கு மே பதினைந்து. ஆவணம் இல்லாமல் வந்த எல்லாப் பையன்களுக்கும் இதே மூன்றையும் எழுதினார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இல்லத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு செங்கல் சூளை இருந்தது. பள்ளி விட்டதும் பையன்கள் அங்கே கல் சுமந்தார்கள். சுமக்காதவனுக்கு ஈரக் கயிறு. நெல் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதைப் பற்றிப் பாலகுரு யாரிடமும் பேசியதில்லை.

பதினாறு வயதில் அங்கிருந்து ஓடிவந்தார். ஆனால் பெயர் கூடவே வந்தது. கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் இல்லாமல் அச்சடிக்க உமாராணி வீட்டார் ஒப்பவில்லை. சான்றிதழில் இருப்பதை அச்சடித்தார்கள். பெண் வீட்டார் மரியாதைக்குப் போய் அழைத்ததில் ரத்தினசபாபதி பட்டு வேட்டியோடு வந்து மணமேடையில் நின்றார். பெற்றவர்களுக்குப் பாதபூஜை என்றார் புரோகிதர். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கால்களைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலகுரு கழுவினார். எவ்வளவு பணிவான பிள்ளை என்று மாமனார் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவை எப்படிப்பட்டவரின் கால்கள் என்று உமாராணிக்குத் தெரிய நான்கு வருடம் ஆயிற்று. அதையும் அவர் ஜுபைலிலிருந்து போனில்தான் சொன்னார். முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ரத்தினசபாபதி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகுதான் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. பழைய சிறுவர் இல்லங்களை விசாரித்த குழுவின் அறிக்கையை ஏற்று, பட்டியலில் உள்ள இல்லங்களில் கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவர்கள் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. பட்டியலில் செந்நெல் இருபத்தெட்டாவது. உமாராணி அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"ஏங்க, அனுப்பினத பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன செய்யப் போறீங்க?"

"பணத்த வாங்கிட்டு வாய மூடிக்கன்றான். எனக்கு வேணாம்."

"பணம் மூணாம் பக்கத்துலயே முடிஞ்சிருச்சி. நீங்க பதினோராம் பக்கம் போங்க."

பதினோராம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. இல்ல நிர்வாகிகளின் பெயர் பெற்றோர் என்று பதிவாகியிருந்தால், விண்ணப்பம் ஏற்கப்பட்டவர்களின் எல்லா ஆவணங்களிலிருந்தும் அது நீக்கப்படும். பாலகுரு அதை நான்கு முறை படித்தார். பிறகு மெஸ்ஸுக்குப் போனார். சாப்பிட்டாரா என்பது அவருக்கு நினைவில்லை.

விடுமுறையான இரண்டு வெள்ளிக்கிழமைகளில் விண்ணப்பத்துக்கு மூன்று பக்கம் எழுதினார். மூன்றாவது பக்கத்தை உமாராணிக்கும் காட்டவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. இல்லத்தின் பதிவேடுகள் மழை வெள்ளத்தில் அழிந்துவிட்டதாக, அறக்கட்டளையை இப்போது நடத்தும் ரத்தினசபாபதியின் தம்பி மகன் தெரிவித்திருக்கிறார். மேலும், விண்ணப்பதாரரின் சான்றிதழ், திருமணப் பதிவு, பாஸ்போர்ட் அனைத்திலும் ரத்தினசபாபதியே தந்தை. அறக்கட்டளையும் இவர் நிர்வாகியின் சொந்த மகன் என்றே கடிதம் கொடுத்துள்ளது. நிர்வாகியின் குடும்பத்தினர் இத்திட்டத்தின் கீழ் வரமாட்டார்கள். மேல்முறையீட்டுக்கு நாற்பத்தைந்து நாள்.

எந்தப் பெயரை அழிக்கக் கேட்டாரோ அந்தப் பெயரே குறுக்கே வந்து நின்றது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாலகுரு வேலைக்குப் போனார். அன்று மூன்று சாரங்களுக்குச் சிவப்பு அட்டை மாட்டினார். மூன்றும் உண்மையிலேயே சரியில்லாதவைதான்.

அந்த மாதம் ஆலையில் ஷட்டவுன். இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் அந்த நாற்பது நாளுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்களை இறக்குவார்கள். ஒரு நாள் காலை பாலகுருவின் அட்டையைக் கேட் ஏற்றுக்கொள்ளவில்லை. கேட் ஆபீசில் முகம்மது ஆசிக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ராமநாதபுரத்துக்காரர், எதையும் பாதி கேலியாகவே சொல்பவர்.

"ரத்தின் பாய், ஒரே ஆளு ரெண்டு கம்பெனில வேலை செய்றான்னு சிஸ்டம் சொல்லுது."

"ஒரு கம்பெனிக்கே முதுகு போகுது ஆசிக்."

"அப்ப உங்க ரெட்டைப் பிறவி வந்திருக்காரு. குவைத்லேருந்து, ஷட்டவுனுக்கு. அதே ரத்தினசபாபதி. அதே வருஷம், மே பதினஞ்சு. சரி, தற்செயல்னு பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தப் பாத்தா அம்மாவும் மாரியம்மாள். வீட்ல உங்ககிட்ட எதையோ மறைச்சுட்டாங்க பாய்."

பாலகுரு சிரிக்கவில்லை. "ஆள் எங்க?"

"வெளிய பெஞ்சுல."

பெஞ்சில் ஆரஞ்சு உடுப்பில் ஒல்லியாக ஒருவர் இருந்தார். பாலகுரு பக்கத்தில் போனதும் அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. முகம் இடப்பக்கம் சாய்ந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்தபோது பாலகுருவுக்கு வேறு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை.

"எந்த வரிசை?" என்றார்.

"மூணாவது. ஜன்னலோரப் பாய். மணிமாறன்."

"நான் முதல் வரிசை."

"கஞ்சித் தூக்கு சுமக்கற அண்ணனா?"

"ஆமா. கைய முன்னால எடு. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."

மணிமாறன் கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பாலகுருவின் தோளில் வைத்தார். "உன்னாலதாண்ணே என் பாஸ் நின்னுபோச்சி. ஒரு நாள் சம்பளம் போகும்."

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்குற. அதுவா முதல் பேச்சு?"

"வேற என்ன பேசறதுன்னு தெரியலண்ணே."

அன்று மாலை பாலகுரு நடந்ததை உமாராணியிடம் சொன்னார்.

"ஒரே தேதில எத்தன பேருங்க?"

"தெரியல. பேப்பர் இல்லாத பசங்க எல்லாத்துக்கும் அதான் போட்டான்."

"அப்ப சொந்த மகன்னு ஒருத்தனச் சொல்லலாம். வருஷா வருஷம் மே பதினஞ்சுக்கு மூணு நாலுன்னு பெத்துப் போட்ட மகராசி யாருன்னு கேக்கணுமில்ல."

பாலகுரு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரைத் தன் மீது மட்டும் ஒட்டிய ஒன்றாகவே அவர் நினைத்திருந்தார். துன்பத்துக்கு இந்தக் குணம் உண்டு. அது ஒவ்வொருவனையும் தான் மட்டும்தான் என்று நம்பவைக்கும். ஒரு பாஸ்போர்ட்டில் இருந்தால் அது உறவு. ஒன்பதில் இருந்தால் அது சாட்சி.

தேடல் தொடங்கியது. மணிமாறன் குவைத் அப்பாசியாவில் இருவரை அறிவார். அதில் ஒருவர் துபாய் அல் குசைஸில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் தியாகுவின் எண்ணைக் கொடுத்தார். தியாகுவுக்கு மஸ்கட்டில் ஒருவரைத் தெரியும். ஊரில் இருப்பவர்கள் ஐந்து பேர் கிடைத்தார்கள். எல்லோரிடமும் பாலகுரு ஒன்றைத்தான் கேட்டார்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம். என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.

குவைத்தில் டிராவல்ஸ் வைத்திருந்த பாண்டித்துரை கொடுக்க மறுத்தார்.

"பாலகுரு, என் பிள்ளைங்களுக்கு நான் திருநெல்வேலி அல்வாக்கடைக்காரர் மகன். கடைக்கு ஒரு பேர் வச்சிருக்கேன். நெய் எந்த ஊர்லேருந்து வந்துச்சுன்னு கூடச் சொல்லியிருக்கேன். அதுல கை வைக்காத."

"வைக்கல."

"கோவமா?"

"இல்ல. நெய் எந்த ஊரு?"

பாண்டித்துரை சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பாலகுரு மறுபடி கூப்பிடவில்லை. இன்னொருவரும் மறுத்தார். தைரியம் நல்லதுதான், ஆனால் அதை ஒருவரிடம் கடன்போலக் கேட்டு வாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பதாவது நாள், தன்னுடையதையும் சேர்த்து ஒன்பது பாஸ்போர்ட் நகல்களோடு மேல்முறையீடு போயிற்று.

உமாராணி அதற்குள் வேறொரு வேலை பார்த்திருந்தாள். இரண்டு பஸ் மாறிக் கல்லேரிப்பட்டு போய் விசாரித்து, அடுத்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாரியம்மாளைக் கண்டுபிடித்தாள். ஒன்பது பேருக்குத் தாய் என்று எழுதியிருக்கிறது என்று சொன்னபோது மாரியம்மாள் கையிலிருந்த அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, எந்தக் கோர்ட்டுக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்டாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. கேம்ப் அறையில் கட்டிலின் மேல் லேப்டாப்பை வைத்துப் பாலகுருவும் மணிமாறனும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தியாகு அல் குசைஸில் கம்பெனி வண்டிக்குள் இருந்தபடி வந்தார். விசாரணைக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி, வேகமாகப் பேசாதவர். அவருடைய அறையில் உமாராணியும் மாரியம்மாளும் நேரிலேயே இருந்தார்கள். எதிரே அறக்கட்டளையின் வழக்கறிஞர்.

தலைவி ஒன்பது நகல்களையும் மேஜையில் பரப்பி வைத்து உரக்கப் படித்தார். நான்கு பேர் எண்பத்து நான்கு மே பதினைந்து. மூன்று பேர் எண்பத்தைந்து மே பதினைந்து. இரண்டு பேர் எண்பத்தாறு மே பதினைந்து. பிறகு நிமிர்ந்தார்.

"மாரியம்மாள், இந்த ஒன்பது பேருக்கும் அம்மான்னு உங்க பேர் இருக்கு."

"எனக்குக் கல்யாணமே ஆவலம்மா."

"அப்போ இவங்க?"

"பெத்தது ஒண்ணும் இல்ல. ஆக்கிப் போட்டதுதான். அதுவும் வயிறார இல்ல, அந்தாளு அரிசிய அளந்துதான் குடுப்பாரு." மேஜையில் பரப்பியிருந்த தாள்களைக் காட்டினாள். "என் பேர எழுதிக்கறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இந்தப் பொண்ணு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். நெல்லுக் கிடங்குக்குப் பின்னாடி ஒரு ரூமு இருந்திச்சிம்மா. சாவி அந்தாளு இடுப்புல இருக்கும். எங்கிட்ட இருந்திருந்தா தொறந்து வுட்டிருப்பன். ராத்திரில பசங்க அழுவும். நான் அடுப்படில உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பன். அதான் நான் செஞ்சது."

பாலகுருவின் மூன்றாவது பக்கத்தில் இருந்தது அந்த அறை. அதை எழுதியபோது, நம்புவார்களா என்ற சந்தேகத்தோடுதான் எழுதினார். இப்போது ஒருவர் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டார். பாலகுரு உமாராணி பக்கம் பார்த்தார். சின்னத் திரையில் அவள் முகம் தெளிவாகத் தெரியவில்லை. மாரியம்மாளின் கையை அவள் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

வழக்கறிஞர் எழுந்தார். வயதானவரின் நினைவை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பெயர் விஷயத்தை இவங்க குற்றமா பாக்கறாங்க. நான் பெருந்தன்மையா பாக்கறேன். நாதியில்லாம வந்த பிள்ளைகளுக்கு அந்த மனுஷர் தன் பெயரையே கொடுத்தார். எத்தனை பேர் செய்வாங்க?"

"ஆக, இவங்க நாதியில்லாம இல்லத்துக்கு வந்த பிள்ளைகள்?" என்றார் தலைவி.

"ஆமாம், அவங்கள அன்போட..."

"அன்பு பத்தி அப்புறம் பேசுவோம். உங்க கட்சிக்காரர் குடுத்த கடிதம் எங்கிட்ட இருக்கு. அதுல பாலகுரு சொந்த மகன். இப்போ நீங்க ஆதரவில்லாத பிள்ளைன்றீங்க. சொந்த மகன்னா மத்த எட்டுப் பேரும் யாருன்னு சொல்லுங்க. இல்லத்துப் பிள்ளைன்னா அந்தக் கடிதம் பொய்யின்னு சொல்லுங்க."

வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார்.

"நிதானமா சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

மைக்கை அணைக்க மறந்திருந்த தியாகுவின் குரல் எல்லாத் திரைகளிலும் கேட்டது. "மாட்னான்."

மணிமாறன் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். தலைவி சிரிக்கவில்லை, ஆனால் கண்டிக்கவும் இல்லை. வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவேயில்லை.

தலைவி சில நிமிடம் எழுதினார். ஆணை தபாலில் வரும், முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். பாலகுரு செந்நெல் இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே கொடுமைக்கு ஆளானவர். அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. மற்ற எட்டுப் பேரும் விண்ணப்பித்தால் இல்லத்தில் இருந்ததற்கு வேறு சான்று கேட்கக்கூடாது. பிறகு அரசின் சார்பில் வருத்தம் தெரிவிக்கும் வாசகத்தைத் தாளைப் பார்த்துப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்கே திருப்தி இல்லை போலும். தாளை வைத்துவிட்டு, பாலகுருவைப் பார்த்து, "உங்களைப் பாதுகாத்திருக்கணும். நாங்க செய்யல," என்றார்.

பாலகுரு தலையாட்டினார். அரசாங்கத்தை அவர் ஒருபோதும் உயர்வாக நினைத்தவர் இல்லை, அன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியமும் சரியான வாக்கியங்கள் என்று அவருக்குப் பட்டது.

"தந்தை பெயர் எல்லா ஆவணத்துலயும் நீக்கப்படும்," என்றார் தலைவி. "தாய் பெயரும் பொய்யாத்தான் பதிவாகியிருக்கு. அதையும் எடுத்திடலாம். ஆனா வளைகுடால ஒத்தப் பெயரோட அலையறது கஷ்டம்னு கேள்விப்பட்டேன். அந்தக் கட்டத்துல வேற என்ன எழுதணும்?"

இதை மட்டும் பாலகுரு யோசித்து வைத்திருக்கவில்லை. அழிப்பதைப் பற்றி இத்தனை வருடம் நினைத்தவர், அந்த இடத்தில் என்ன வரும் என்று நினைத்ததேயில்லை. மணிமாறன் முழங்கையால் இடித்தார். திரையில் மாரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களக் கேக்கணும்," என்றார் பாலகுரு. "மாரிம்மா, அன்னிக்கு உங்களக் கேக்காம எழுதிட்டாங்க. இப்ப நான் கேக்கறேன். உங்க பேர வச்சிக்கட்டுமா?"

மாரியம்மாள் கேமரா எது என்று தெரியாமல் உமாராணியின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். "வச்சிக்க. ஆனா சும்மா இல்ல. தீவாளிக்குச் சீல எடுத்துக் குடுக்கணும். மண்டபத்துல குடுக்கற மாதிரி சாயம் போற சீல வேணாம்."

"ஒம்போது சீல வரும்," என்றார் தியாகு வண்டிக்குள்ளிருந்து. "பெட்டி வாங்கி வையிங்க."

"அண்ணே, யோசிச்சுக்க," என்றார் மணிமாறன். "நாளைக்கே கேட்ல மாரியம்மாள், மாரியம்மாள்னு கத்துவானுங்க. ஆசிக் பாய் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும்."

தலைவி பேனாவைத் திறந்தார். பாலகுரு மாரியம்மாள் என்று எழுதி, சரியா என்று உரக்கப் படித்துக் கேட்டார்.

"ஆமாம்மா," என்றார் பாலகுரு, உடனே.